ஜார் மன்னருக்கு அஞ்சாத ரெயில் மானேஜர்

1888-ம் ஆண்டு. ருஷியாவை மூன்றாம் அலெக்சாண்டர் ஆண்டுகொண்டிருந்தார். ருஷியச் சக்கரவர்த்திக்கு ஜார் என்று பெயர். ஜார் வைத்ததுதான் சட்டம். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அந்த ஜார் ரெயிலில் சுற்றுப்பயணம் போனார். ஒரு பாதையில் ரெயில் மெதுவாகப் போயிற்று. ஜாருக்குக் கோபம் வந்தது. மற்ற பாதைகளில் எல்லாம் வேகமாகப் போகும் ரெயில், இங்கே மட்டும் ஏன் ஊர்கிறது என்று கேட்டார்.

கூட இருந்த மந்திரிகளும் பிரபுக்களும் கை பிசைந்தார்கள். அந்தப் பாதையின் மானேஜர் மட்டும் அசையவில்லை. மற்றவர்கள் எப்படி வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளட்டும், சக்கரவர்த்தியின் கழுத்தை முறிக்கத் தாம் தயாராக இல்லை என்று ஜாரின் காதில் விழும்படியே சொல்லிவிட்டார்.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். மானேஜரின் வேலை போயிற்று என்று நினைத்தார்கள்.

வேலை போகவில்லை. அவரைத் தேடிப் பெரிய வேலை வந்தது! அவர்தான் செர்கி விட்டே. உலகத்திலேயே நீளமான ரெயில் பாதையான சைபீரிய ரெயில் பாதையைப் போடவைத்தவர். ருஷியாவின் முதல் பிரதம மந்திரி.

கணக்குப் புலி

விட்டே 1849-ல் திப்லிஸ் நகரில் பிறந்தார். இன்று அந்த ஊருக்குத் திபிலிசி என்று பெயர். ஜார்ஜியா நாட்டின் தலைநகர் அதுதான்.

விட்டேக்கும் நம் சென்னைக்கும் ஓர் ஒட்டு உண்டு. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபை இருக்கிறது அல்லவா? அந்தச் சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார், விட்டேயின் பெரியம்மா மகள். அக்காள் ஆன்மிகத்தைத் தேடி அடையாறு வந்து சேர்ந்தார். தம்பி தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

படிக்கும்போது விட்டேக்குக் கணக்கு என்றால் உயிர். ஒடெஸ்ஸா நகரப் பல்கலைக்கழகத்தில் படித்து 1870-ல் தேறினார். கணக்குப் பேராசிரியர் ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் தந்தை இறந்து, குடும்பம் கஷ்டத்தில் இருந்தது. ரெயில்வேயில் சேர்ந்தால் முன்னுக்கு வரலாம் என்று பெரியவர்கள் யோசனை சொன்னார்கள். விட்டேயும் சம்மதித்தார்.

மேல்நாற்காலியில் அவர் நேராகப் போய் உட்காரவில்லை. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சரக்கு ஆபீசில் மூட்டைக் கணக்குப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டருக்கு உதவியாக நின்றார். ஆறு மாதத்தில் ஒவ்வொரு வேலையையும் கையால் செய்து பழகினார். ரெயில் எப்படி ஓடுகிறது, யாரால் ஓடுகிறது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

விபத்தும் தண்டனையும்

1875-ம் ஆண்டு கடைசி. கடுங் குளிர்காலம். ஒடெஸ்ஸா ரெயில்வேயில், திலிகுல் என்னும் இடத்துக்கு அருகே, தண்டவாளத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். பனிப் புயல் வீசியது. குளிர் தாங்காமல் வேலையாட்கள் குடிசைக்குள் ஒதுங்கினார்கள். சிவப்புக் கொடியை நட்டு வைக்க மறந்துவிட்டார்கள்.

அந்த வழியாக ஒரு ரெயில் வந்தது. பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள் அதில் இருந்தார்கள். ரெயில் கரையிலிருந்து உருண்டு விழுந்து தீப்பிடித்தது. பலர் மாண்டார்கள்.

நாடே கொதித்தது. விட்டே அப்போது ரெயில் போக்குவரத்தைக் கவனிக்கும் அதிகாரி. தண்டவாளத்தைக் கழற்றியவர் அவரல்ல. ஆனாலும் பொறுப்பு அவருடையதே என்று வழக்கு வந்தது. நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1877-ல் ருஷியாவுக்கும் துருக்கிக்கும் யுத்தம் மூண்டது. படைகள் ஒடெஸ்ஸா ரெயில்வே வழியாகத்தான் போகவேண்டும். ரெயில்கள் போதவில்லை. விட்டே ஒரு வழி கண்டுபிடித்தார். டிரைவருக்கு ஓய்வு வேண்டும், என்ஜினுக்கு வேண்டாமே! ஒரு டிரைவர் இறங்கியதும் இன்னொரு டிரைவர் ஏறினார். என்ஜின்கள் நிற்காமல் ஓடின. படைகள் போய்ச் சேர்ந்தன.

இதைப் பாராட்டி அவருடைய தண்டனையை இரண்டு வாரமாகக் குறைத்தார்கள். தண்டனை குறைந்தது. ஆனால் ஒரு கொடி நட மறந்தால் எத்தனை உயிர் போகும் என்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

சொன்னது நடந்தது

விட்டே படிப்படியாக உயர்ந்தார். 1883-ல் ரெயில் கட்டணங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1886-ல் கீவ் நகரில் தென்மேற்கு ரெயில்வேக்கு மானேஜர் ஆனார். அது தனியார் கம்பெனி.

அந்தப் பாதையில்தான் ஜாரின் ரெயில் வந்தது. பெட்டிகள் மிகவும் கனமானவை. அவற்றை இழுக்க இரண்டு பெரிய என்ஜின்கள். இத்தனை பாரத்தை இத்தனை வேகத்தில் இழுத்தால் என்ஜின்கள் ஆடும், தண்டவாளம் விலகிவிடும் என்று விட்டே கணக்குப் போட்டுப் பார்த்தார். வேகத்தைக் குறைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஜாருக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

சில வாரங்கள் சென்றன. 1888 அக்டோபர் 29. ஜார் தெற்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். இது வேறு கம்பெனியின் பாதை. தடுப்பார் யாரும் இல்லை. ரெயில் பறந்தது. கார்கோவ் நகருக்கு அருகே போர்கி என்னும் இடத்தில் தடம் புரண்டது!

ஜாரும் அவர் மனைவி மக்களும் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்தார்கள். பெட்டி நொறுங்கி, கூரை இறங்கியது. மனைவி மக்கள் தப்பும்வரை ஜார் கூரையைத் தம் தோளில் தாங்கிப் பிடித்தார் என்று சொல்வார்கள். அவர் ஆறடிக்கும் மேல் உயரமான பலசாலி. ஜார் குடும்பம் பிழைத்தது. ஆனால் வேலையாட்களும் மற்றவர்களுமாக இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஜாருக்குத் தென்மேற்கு ரெயில்வே மானேஜரின் ஞாபகம் வந்தது. அவரைச் சர்க்கார் வேலைக்கு அழைத்தார்.

கம்பெனியில் விட்டேக்குப் பெரும் சம்பளம். சர்க்கார் உத்தியோகத்திலோ ஆண்டுக்கு 8,000 ரூபிள்தான். ஜார் தம் சொந்தப் பணத்திலிருந்து இன்னும் 8,000 ரூபிள் கொடுத்தார். அப்படியும் பழைய சம்பளத்துக்கு ஈடாகவில்லை. ஆனாலும் 1889-ல் விட்டே தலைநகர் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார்.

ரெயில் சர்க்கார் கைக்கு வந்தது

அந்தக் காலத்தில் ருஷியாவின் ரெயில்களில் பெரும்பாலானவை கம்பெனிகளின் கையில் இருந்தன. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கட்டணம் வாங்கியது. ஒருவரோடு ஒருவர் போட்டி. லாபம் வந்தால் கம்பெனிக்கு. நஷ்டம் வந்தால் சர்க்கார் ஈடு கட்டவேண்டும். ஏன் என்றால் பங்குதாரர்களுக்கு இத்தனை வட்டி நிச்சயம் என்று சர்க்கார் முன்னமே ஜாமீன் நின்றிருந்தது!

கம்பெனியில் இருந்து வந்த விட்டேக்கு இந்த ரகசியம் எல்லாம் அத்துபடி. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் சர்க்காருக்கு வந்தது. பிறகு கம்பெனிகளின் பாதைகளைச் சர்க்கார் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கியது. 1900-ம் ஆண்டு வருவதற்குள் ருஷிய ரெயில்களில் பாதிக்கு மேல் சர்க்காரின் சொத்து ஆகிவிட்டன.

1894-ல் பயணிகளின் கட்டணமும் மாறியது. தூரம் கூடக் கூட, மைலுக்கு இவ்வளவு என்ற கட்டணம் குறைந்துகொண்டே வரும். நெடுந்தூரம் போகும் ஏழைக்கு இது பெரிய உதவி.

1892-ல் விட்டே முதலில் போக்குவரத்து மந்திரி ஆனார். அதே ஆண்டில் நிதி மந்திரியும் ஆனார். பதினோரு ஆண்டுகள் கஜானாச் சாவி அவர் கையில் இருந்தது. அந்தச் சாவியைக் கொண்டு அவர் செய்த பெரிய காரியந்தான் சைபீரிய ரெயில் பாதை.

பனிக்காட்டில் தண்டவாளம்

ருஷியா பரந்த நாடு. மேற்கே ஐரோப்பா. கிழக்கே பசிபிக் மகா சமுத்திரம். நடுவே சைபீரியா. காடும் சதுப்பும் பனியும் நிறைந்த பிரதேசம். குதிரை வண்டியிலும் பனிச் சறுக்கு வண்டியிலும் அதைக் கடக்க மாதக் கணக்கில் ஆகும்.

பாதை போடுவது என்று ஜார் முடிவு செய்தார். 1891 மே 31-ல் கிழக்குக் கோடியான விளாடிவோஸ்டாக் துறைமுகத்தில் வேலை தொடங்கியது. பட்டத்து இளவரசர் நிக்கோலஸ் அப்போது இந்தியா, இலங்கை, ஜப்பான் எல்லாம் சுற்றிவிட்டு அங்கே வந்திருந்தார். தள்ளுவண்டியில் மண் கொண்டுபோய்க் கொட்டி அவரே வேலையைத் தொடங்கிவைத்தார். மறு ஆண்டு மேற்குப் பக்கத்திலிருந்தும் வேலை ஆரம்பமாயிற்று.

வேலைக்குப் பணம் வேண்டும். பணத்தை எடுத்துக் கொடுத்தவர் விட்டே. இளவரசரையே பாதைக் கமிட்டிக்குத் தலைவராகப் போடச் சொன்னவரும் அவரே. இளவரசர் தலைவராக இருந்தால் எந்த அதிகாரி குறுக்கே நிற்பான்?

வேலை செய்தவர்கள் யார்? விவசாயிகள், பட்டாளத்துச் சிப்பாய்கள், சீனக் கூலிகள், சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகள். ஒழுங்காக வேலை செய்த கைதிக்குத் தண்டனைக் காலத்தைக் குறைத்தார்கள். குளிர்காலத்தில் மண் பாறைபோல உறைந்துவிடும். கோடையில் சேறு; கொசு. செலவைக் குறைப்பதற்காக மெல்லிய தண்டவாளம் போட்டார்கள். இரட்டைப் பாதை இல்லை, ஒற்றைப் பாதைதான்.

ஒப் நதிக்குப் பாலம் கட்ட வந்த தொழிலாளிகள் கரையில் 1893-ல் குடிசை போட்டார்கள். அந்தக் குடிசைகள் ஊர் ஆயின. ஊர் நகரம் ஆயிற்று. அதுதான் இன்றைய நோவோசிபிர்ஸ்க். ருஷியாவில் மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் அடுத்த பெரிய நகரம்!

வழியில் பைக்கால் ஏரி குறுக்கிட்டது. உலகத்திலேயே ஆழமான ஏரி அது. சுமார் 1,640 மீட்டர் ஆழம். ஏரியைச் சுற்றி மலை. உடனே பாதை போட முடியவில்லை. அதனால் ரெயில் பெட்டிகளையே ஏற்றிச் செல்லும் ஒரு கப்பலை இங்கிலாந்தில் செய்தார்கள். துண்டு துண்டாகக் கொண்டுவந்து ஏரிக்கரையில் பூட்டினார்கள். பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு அது ஏரியைக் கடந்தது.

ரெயிலும் பலவிதம். பணக்காரர்களுக்குப் புத்தகசாலையும் குளியலறையும் கொண்ட சொகுசு ரெயில். கோவில் இல்லாத ஊர்களுக்குப் போய்வர, மாதா கோவிலாகவே அமைத்த ஒரு பெட்டி. குடியேறப் போன விவசாயிகளுக்கோ, சரக்குப் பெட்டியில் பலகை அடித்த இடம். அப்படிப் போனவர்கள் பல லட்சம். அவர்கள் சைபீரியாவில் மாடு வளர்த்தார்கள். அந்த மாட்டுப் பாலின் வெண்ணெய் குளிர்ப் பெட்டிகளில் ஏறி ஐரோப்பாவுக்குப் போயிற்று.

யார் கொடுத்த பணம்?

ரெயில் வளர்ந்தது. 1890-ல் சுமார் 30,000 கிலோ மீட்டராக இருந்த ருஷிய ரெயில் பாதை, பத்தே ஆண்டுகளில் 50,000 கிலோ மீட்டரைத் தாண்டியது. தொழிற்சாலைகள் எழுந்தன.

ஆனால் இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டில் கடன் வாங்கினார்கள். அதற்கு வட்டி கட்டவேண்டும். ஏழை வாங்கும் டீக்கும் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் தீப்பெட்டிக்கும் வரி போட்டார்கள். ஓட்கா என்னும் சாராயத்தைச் சர்க்காரே விற்க ஏற்பாடு செய்தார் விட்டே. குடியைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. கஜானா நிறைந்தது. குடி குறையவில்லை.

1891-ல் ருஷியாவில் பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். அந்தப் புண் ஆறுவதற்குள் இந்த வரிச் சுமை. ரெயிலின் வேகத்தைக் கணக்குப் பார்த்த விட்டே, ஏழையின் முதுகு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்க்கவில்லை என்று பலரும் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் இருந்தது.

மகன் கேட்கவில்லை

1894-ல் மூன்றாம் அலெக்சாண்டர் காலமானார். அன்று தள்ளுவண்டியில் மண் கொட்டிய நிக்கோலஸ் ஜார் ஆனார்.

பாதையின் தூரத்தைக் குறைக்க, சீனாவின் மஞ்சூரியா வழியாக ரெயில் விடலாம் என்றார் விட்டே. 1896-ல் சீனாவோடு அதற்கு ஒப்பந்தம் ஆயிற்று. ரெயில் விட்டால் போதும், வியாபாரம் பெருகும் என்பது அவர் எண்ணம். ஆனால் அடுத்தவன் வீட்டில் கதவு வைத்தால், உள்ளே நுழைய ஆசை வராமல் இருக்குமா? 1898-ல் சீனாவின் போர்ட் ஆர்தர் துறைமுகத்தை ருஷியா எடுத்துக்கொண்டது. வேண்டாம் என்றார் விட்டே. ஜார் கேட்கவில்லை. கொரியா பக்கமும் கால் வைத்தார்கள். அதையும் எதிர்த்தார். இப்படியே போனால் ஜப்பானோடு யுத்தம் வரும் என்று எச்சரித்தார்.

தந்தை, வேகத்தைக் குறைக்கச் சொன்னவரை மந்திரி ஆக்கினார். மகன், வேகத்தைக் குறைக்கச் சொன்னவரை 1903-ல் நிதி மந்திரி பதவியிலிருந்து இறக்கினார்!

1904 பிப்ரவரியில் ஜப்பான் தாக்கியது. படைகள் போக அந்த ஒற்றைப் பாதை போதவில்லை. பைக்கால் ஏரி உறைந்து கிடந்தது. உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டார்கள். சோதனைக்கு விட்ட என்ஜின் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு மூழ்கிவிட்டது. பிறகு பெட்டிகளைக் குதிரை கட்டி இழுத்தார்கள். சிப்பாய்கள் ஏரியை நடந்தே கடந்தார்கள். ருஷியா தோற்றது.

சமாதானம் பேச ஆள் வேண்டும். ஒதுக்கி வைத்த விட்டேயைத்தான் கூப்பிட்டார்கள். 1905-ல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே ரெயிலை விட்டு இறங்கியதும் அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? நேராக என்ஜின் டிரைவரிடம் போய்க் கைகுலுக்கினார். சக்கரவர்த்தியின் தூதர், கரி படிந்த கையைப் பிடித்துக் குலுக்கியதை அமெரிக்கப் பத்திரிகைகள் வியந்து எழுதின.

செப்டம்பர் 5-ல் போர்ட்ஸ்மத் நகரில் ஒப்பந்தம் ஆயிற்று. ருஷியா யுத்த நஷ்டஈடாக ஒரு காசும் கொடுக்கவில்லை. சகாலின் தீவில் பாதியை விட்டுக்கொடுத்தது. ஜார் விட்டேக்குப் பிரபு பட்டம் கொடுத்தார். எதிரிகள் அவரைப் பாதி சகாலின் பிரபு என்று கேலி செய்தார்கள்.

ரெயில் நின்றது

அதே ஆண்டு அக்டோபரில் ருஷியா முழுவதும் ரெயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உரிமை கேட்டார்கள். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் சபை கேட்டார்கள். ஒரு சக்கரம் சுழலவில்லை. ஜாரைப் பார்க்க விட்டே கப்பல் ஏறிப் போகவேண்டி வந்தது! வாழ்நாள் முழுவதும் ரெயிலை வளர்த்தவருக்கு அன்று ரெயில் இல்லை.

மக்களுக்கு உரிமை கொடுங்கள், இல்லாவிட்டால் பட்டாளத்தை வைத்து ஆளுங்கள், வேறு வழி இல்லை என்று ஜாரிடம் சொன்னார். ஜார் உரிமைச் சாசனத்தில் கையெழுத்துப் போட்டார். ருஷியாவின் பழைய பஞ்சாங்கப்படி அன்று அக்டோபர் 17. பதினேழு ஆண்டுக்கு முன் போர்கியில் ஜாரின் ரெயில் கவிழ்ந்ததும் அதே அக்டோபர் 17!

விட்டே முதல் பிரதம மந்திரி ஆனார். ஆனால் நாடு அடங்கவில்லை. சைபீரியப் பாதையில் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். பாதையின் இரண்டு முனையிலிருந்தும் படை ரெயில்களை அனுப்ப யோசனை சொன்னவர் விட்டேதான். அந்தப் படைகள் பல தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றன. அவர் வாழ்க்கையில் அது அழியாத கறை.

ஆறு மாதத்தில் பதவி போயிற்று. அவர் ஜாரின் அதிகாரத்தைக் குறைத்துவிட்டார் என்று ஒரு கட்சி ஏசியது. மக்களைச் சுட்டார் என்று இன்னொரு கட்சி ஏசியது. 1907-ல் அவர் வீட்டுப் புகைபோக்கியில் வெடிகுண்டு வைத்தார்கள். நல்ல வேளை, அது வெடிக்கவில்லை.

மிஞ்சியது என்ன?

முதலாவது உலக யுத்தத்தில் ருஷியா சேரக் கூடாது என்றார் விட்டே. கேட்பார் இல்லை. 1915 மார்ச் 13-ல் காலமானார். அவர் கண் மூடியதும் ஜாரின் ஆட்கள் அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. விட்டே அதை முன்னதாகவே வெளிநாட்டில் பத்திரப்படுத்தியிருந்தார். 1921-ல் அது புத்தகமாக வந்தது.

1916-ல் அமூர் நதிப் பாலம் முடிந்தது. முழுக்க முழுக்க ருஷிய மண்ணிலேயே பசிபிக் கரைக்கு ரெயில் ஓடத் தொடங்கியது. 1917-ல் புரட்சி வந்தது. நிக்கோலஸ் முடி துறந்தார். எங்கே தெரியுமா? ப்ஸ்கோவ் நகரில், ஒரு ரெயில் பெட்டியில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டார். மறு ஆண்டில் குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்டாக் வரை இன்று அந்தப் பாதையின் நீளம் சுமார் 9,288 கிலோ மீட்டர். அது இப்போது இரட்டைப் பாதை. 2002-ல் முழுவதும் மின்சார மயம் ஆகிவிட்டது. சர்க்கார் ரெயில்வேதான் அதை நடத்துகிறது. முனைக்கு முனை போக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. பெட்டிக்குப் பெட்டி வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறது. பயணிகள் டீ போட்டுக் குடித்துக்கொண்டே ஏழு நாளும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிறார்கள்.

ஜாரின் சிம்மாசனம் போய்விட்டது. டிக்கெட் ஜன்னலில் வேலை தொடங்கியவர் போடவைத்த பாதை மட்டும் இன்றும் மக்களைச் சுமந்துகொண்டிருக்கிறது.